ஸ்விஃப்டில் சூப்பர்சார்ஜர்: பம்ப் மாற்றினால் பெட்ரோல் போதுமா?

பாளையங்கோட்டை நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. கையில் 2007 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் எஞ்சின். மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (பெல்ட்டில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது) ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்திருக்கிறது. 6 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தம், வரும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சி, 255 லிட்டர் பம்ப் ஒண்ணப் போட்டுட்டா முடிஞ்சிதுலா" என்கிறார் மெக்கானிக்; மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்பைச் சொல்கிறார். அது போதுமா, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் மாற்ற வேண்டுமா என்பது கேள்வி. பம்பைப் பற்றிக் கேட்பது போலத் தெரிந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: முழு ஆக்ஸிலரேட்டரில், 6000 ஆர்பிஎம்மில், கூடுதலாக உள்ளே திணிக்கப்படும் காற்றுக்கு ஈடான பெட்ரோல் சிலிண்டருக்குள் போய்ச் சேருமா? பம்பை மட்டும் மாற்றினால் சேராது. ஒரு சொட்டுகூடக் கூடுதலாகப் போகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் தச்சநல்லூர் பக்கம் இன்ஜெக்டர், பம்ப் பெஞ்ச் வைத்து வேலை பார்ப்பவன். படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. மற்றதெல்லாம் பெஞ்சில் கற்றது. பெட்ரோல் எவ்வளவு பாய்கிறது, எந்த அழுத்தத்தில் பாய்கிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் எஞ்சினின் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் எவ்வளவு பூஸ்ட் தாங்கும் என்பது என் கை வேலை இல்லை. கம்ப்ரஷன் டெஸ்ட்டும் லீக் டவுன் டெஸ்ட்டும் செய்து, எஞ்சின் கட்டுபவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு வயதான எஞ்சினுக்கு அந்த டெஸ்ட் முடியாமல் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் அந்த 6 பிஎஸ்ஐ. சூப்பர்சார்ஜருக்கென்று தனியாக ஒரு பூஸ்ட் கிடையாது. எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 737 சிசி காற்றைத் தள்ளும். உங்கள் 1298 சிசி எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 649 சிசிதான் இழுக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினாலே காற்று மிஞ்சத் தொடங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது புல்லி அளவு. மினியில் இது 1.6 லிட்டர் எஞ்சினுக்குக் காற்று கொடுத்தது. அதே புல்லி விகிதத்தை 1.3 லிட்டருக்கு வைத்தால் மினியில் வந்ததைவிட அதிகமாகவே பூஸ்ட் வரும். ஆகவே விற்றவர் சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள். உங்கள் வண்டியில், உங்கள் புல்லியில், பூஸ்ட் கேஜ் காட்டும் எண்தான் கணக்கு. நான் கீழே 6 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.4 பார் என்று வைத்துக்கொள்வது நீங்கள் எழுதியிருப்பதால் மட்டுமே.

பம்பின் வேலை, தேவையான அழுத்தத்தில் தேவையான அளவு பெட்ரோலைத் தயாராக வைத்திருப்பது. அழுத்தத்தை நிர்ணயிப்பது ரெகுலேட்டர். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்குச் சொல்வது ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர். இந்த இரண்டும் மாறாமல் 255 லிட்டர் பம்ப் போட்டால், மிஞ்சுவது எல்லாம் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகும். திரும்புகிற அளவு ரெகுலேட்டரின் துவாரம் தாங்கும் அளவைத் தாண்டினால் அழுத்தம் தானாக ஏறி, ஐடிலில் வண்டி ரிச்சாக (கலவையில் பெட்ரோல் அதிகமாக) ஓடும், பிளக் கருக்கும், மைலேஜ் போகும். "பெரிய பம்ப் போட்டதும் வண்டி வாசனை அடிக்குது" என்று என்னிடம் வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் கதை.

பலர் கவனிக்காமல் விடுவது அழுத்த வித்தியாசம். இன்ஜெக்டர் வழியே பாய்வது, அதற்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலில் உள்ள அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. ரெயிலுக்கும், காற்று சிலிண்டருக்குப் போகும் வழியான மேனிஃபோல்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள்: குளத்தில் தண்ணீர் மட்டம் அப்படியே இருக்க, வயலில் தண்ணீர் ஏற ஏற மடையில் பாய்ச்சல் குறைந்துகொண்டே வரும். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருந்து 3 பார் என்று நிலையாக வைக்கும் அமைப்பில், மேனிஃபோல்டில் 0.4 பார் பூஸ்ட் ஏறினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சும் வித்தியாசம் 2.6 பார். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் சுமார் 7 சதவீதம் குறையும். எஞ்சின் 30, 40 சதவீதம் அதிகம் கேட்கும் அதே நொடியில் இன்ஜெக்டர் 7 சதவீதம் குறைத்துக் கொடுக்கும். பழைய மாதிரி ரிட்டர்ன் லைனும் மேனிஃபோல்டோடு இணைந்த ரெகுலேட்டரும் உள்ள அமைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயில் அழுத்தமும் ஏறும். உங்கள் வண்டி எந்த வகை என்று கீழே குனிந்து பாருங்கள். கார்பன் கேனிஸ்டருக்குப் போகும் ஆவிக் குழாயை ரிட்டர்ன் லைன் என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது அடிக்கடி நடக்கும்.

இனி அளவு. ஸ்விஃப்ட் 1.3 கம்பெனி கணக்கில் 87 குதிரைத்திறன். 0.4 பார் பூஸ்ட் என்றால் காற்று 1.4 மடங்கு, ஆனால் காற்று சூடாகும், பெல்ட்டும் எஞ்சினிலிருந்தே சக்தியைப் பிடுங்கும். 120 என்று வைத்துக்கொள்வது நல்ல நாளுக்கான கணக்கு. சாதாரண எஞ்சின் முழு லோடில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 230 கிராம் பெட்ரோல் எரிக்கும். சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு 270 முதல் 295 வரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெல்ட்டுக்குப் போகும் சக்திக்கும் பெட்ரோல்தான் எரிகிறது, கலவையையும் ரிச்சாகவே வைக்க வேண்டும். 270 என்று போட்டால் 120 குதிரைக்கு மணிக்கு 32.4 கிலோ, சுமார் 43 லிட்டர். நிமிடத்துக்கு 720 சிசி, நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 180 சிசி. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி செகண்ட்தான் கிடைக்கிறது. அதில் 80 சதவீதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். அப்படியானால் 225 சிசி இன்ஜெக்டர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) 8 சதவீதம் கூட்டினால் 243. புல்லி கொஞ்சம் கூடப் போனாலும் தாங்க 280 சிசி பக்கம் வாங்குவது புத்திசாலித்தனம். இந்தக் கணக்கில் 120, 270 என்ற எண்கள் மட்டும் அனுபவ மதிப்பீடு, பத்து சதவீதம் இப்படியும் அப்படியும் போகலாம். மற்றவை வெறும் பெருக்கல் வகுத்தல். இதே கணக்கை, சாதாரண எஞ்சினுக்கான 230 கிராம் வைத்து, 87 குதிரைக்குப் போட்டால் ஒன்றுக்கு 130, 140 சிசி போதும் என்று வரும். கம்பெனி எதற்காக அதைவிட இரண்டு மடங்கு பெரிய இன்ஜெக்டர் போடப்போகிறது? ஆகவே பழைய இன்ஜெக்டர் பத்தாது என்பதே என் கணிப்பு. பெஞ்சில் வைத்து அளந்தால் அரை மணி நேரத்தில் கணிப்பு உறுதியாகிவிடும்.

அதே கணக்கை பம்புக்குத் திருப்பிப் பாருங்கள். இ20 சேர்த்து மொத்தத் தேவை மணிக்கு 47 லிட்டர். நல்ல மார்ஜின் வைத்தாலும் 60 லிட்டர். 255 எங்கே, 60 எங்கே! மணிக்கு 60 லிட்டர் என்பது 30 நொடிக்கு அரை லிட்டர். 3.5 பார் அழுத்தத்தில், 30 நொடியில், உங்கள் பழைய பம்ப் அரை லிட்டர் தள்ளுமானால் அதை மாற்றவே வேண்டாம். தள்ளாவிட்டால் மாற்றுங்கள், அதுவும் 255 தேவையில்லை, அடுத்த அளவு போதும். ரெகுலேட்டர் டேங்குக்குள் இருந்தால் அதன் வழியாக 3.5 பார் வராது, அதற்குள் திறந்து டேங்கிலேயே கொட்டிவிடும். பம்பைத் தனியாகக் கழற்றி பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதை வீட்டு போர்ட்டிகோவில், பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பிடித்துச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். அழுத்தத்தில் வரும் பெட்ரோல் தெறித்தால் புகைபோல் பரவும், ஒரு வயர் பொறி போதும். திறந்த வெளி, உலர் பவுடர் தீயணைப்பான், பேட்டரி கனெக்‌ஷன் தூரத்தில், இது இல்லாமல் நான் ஒரு பம்பையும் ஓட்டுவதில்லை.

பம்ப் பழுது என்று கொண்டுவரும் வண்டிகளில் வயரிங் பழுதாக இருப்பது சகஜம். எஞ்சின் ஓடும்போது, லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டு, பம்ப் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 12-க்கும் கீழே என்றால் பாய்ச்சல் கணிசமாக விழும். பச்சை பிடித்த எர்த் பாயிண்ட், கருகிய ரிலே கால், இவைதான் காரணம். பெரிய பம்ப் போட்டே தீருவேன் என்றால் அது இழுக்கும் ஆம்பியரும் பெரிது. பழைய வயரும் ஃப்யூஸும் அதற்காகப் போட்டதல்ல. பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே, தடிமனான வயர் போட வேண்டும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி ரிலேயின் கன்ட்ரோல் வயரை ஈசியூவிடமே விட்டுவிடுங்கள். நேராக சாவியோடு இணைத்துவிட்டால் விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இன்ஜெக்டர் வாங்கும்போது மீட்டரில் ஓம் பாருங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால் உங்கள் ஈசியூ தாங்கும். 2, 3 ஓம் காட்டும் வகையை நேரடியாக மாட்டினால் ஈசியூவின் டிரைவர் எரிந்துபோகும். நான்கும் ஒரே அளவு பாய்கிறதா என்று பெஞ்சில் போட்ட ரிப்போர்ட் இல்லாமல் வாங்காதீர்கள். ஒன்று மட்டும் பத்து சதவீதம் குறைவாகக் கொடுத்தால் அந்த ஒரு சிலிண்டர்தான் முதலில் உருகும், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் சராசரியை மட்டுமே காட்டும்.

பெரிய இன்ஜெக்டர் போட்டதும் பழைய ஈசியூவுக்கு அது தெரியாது. ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்து ஓரளவு திருத்திக்கொள்ளும், ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. உங்கள் எஞ்சின் காற்றை அளப்பது மேனிஃபோல்டில் உள்ள மேப் சென்சாரால் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண எஞ்சினுக்கான சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே படிப்பதை நிறுத்திவிடும். பூஸ்ட் ஏறியது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே பெரிய சென்சாரோடு, பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் இரண்டையும் மாற்றக்கூடிய தனி ஈசியூ அல்லது பிக்கிபேக் (பழைய ஈசியூவோடு சேர்த்து மாட்டித் திருத்தும் பெட்டி) வேண்டும். பூஸ்டுக்கு ஏற்ப ரெயில் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றி, பழைய இன்ஜெக்டரையே சமாளிக்க வைக்கும் ஒரு பழைய முறையும் உண்டு. ஒரு காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்தார்கள். அழுத்தம் 3-லிருந்து 4 பார் ஆனாலும் பாய்ச்சல் 15 சதவீதம்தான் கூடும். அதற்குள் பம்ப் திணறத் தொடங்கும், சில இன்ஜெக்டர் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் திறக்கவே மறுக்கும். இன்று அதற்குச் செலவு செய்வது வீண் என்பது என் அபிப்பிராயம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பம்பில் மிச்சம் பிடித்து ஈசியூவில் போடுங்கள்.

இ20 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். 20 சதவீதம் கலந்ததற்கு 13.5 பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு அதிகம் ஊற்ற வேண்டும். நல்ல பக்கமும் உண்டு: எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடிப்பதை) தள்ளிப்போடும், சூப்பர்சார்ஜருக்கு அது வரம்தான். ஆனால் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளைத்தான் இ20-க்கு ஏற்ற ரப்பரோடு செய்கிறார்கள். 2007 வண்டியின் ஓசும் ஓ ரிங்கும் அதற்குச் செய்ததல்ல. எப்படியும் கழற்றப் போகிறீர்கள், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கடையில் "பெட்ரோல் ஓஸ்" என்று கேட்டால் கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த ஓசைத்தான் எடுத்துத் தருவார்கள். வெளியே போடுவதற்கு ஓசின் மேல் ஜே30ஆர்9 என்று அச்சடித்திருக்க வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஜே30ஆர்10. அதன் வெளிப்பக்கமும் பெட்ரோலைத் தாங்கும். ஆர்9 ஓசை டேங்குக்குள் போட்டால் வெளித்தோல் ஊறி, உரிந்து, ஃபில்டரை அடைக்கும். கிளிப்பும் ஓசை வெட்டாத இன்ஜெக்‌ஷன் கிளிப்பாக இருக்கட்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம்ம பக்கம் டேங்க் கழற்றியவர்களுக்கு அடியில் தண்ணீர் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் புது பம்ப் போடுவதற்கு முன் டேங்கைக் கழுவுங்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரிட்டர்ன் லைன் போட்டால், சூடான எஞ்சினைத் தொட்டுவிட்டு பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்குக்கு வரும். பம்ப் பெரிதானால் சுற்றும் அளவும் பெரிது, சூடும் பெரிது. கத்திரி வெயிலில் கால் டேங்க் பெட்ரோலோடு மதுரை ரோட்டில் ஏசி போட்டு ஓடினால் ஆவி பிடித்து அழுத்தம் ஆடத் தொடங்கும். டேங்குக்குள் இருக்கும் பம்புக்குக் குளிர்ச்சியே பெட்ரோல்தான். கால் டேங்குக்குக் கீழே பூஸ்ட் போடாதீர்கள். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்தால் அந்த அரை நொடி லீன் (பெட்ரோல் பற்றாக்குறை) போதும், பிஸ்டன் ரிங் லேண்ட் உடைய.

எல்லாம் மாட்டிய பிறகு வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் பூஸ்ட் பக்கமே போகக் கூடாது. பூஸ்டில் மீட்டர் 11.8, 12 என்று காட்டட்டும். இ20 ஊற்றியதால் இந்த எண்ணை மாற்ற வேண்டாம். மீட்டர் அளப்பது மீந்த ஆக்ஸிஜனை, அதை பெட்ரோல் கணக்கில் காட்டுகிறது, அவ்வளவுதான். 4500 ஆர்பிஎம் வரை 12 காட்டி, 5500-ல் 13-க்கு ஏறினால் காலை உடனே எடுங்கள். பெட்ரோல் அழுத்தம் விழுகிறதா, இன்ஜெக்டர் முழுக்கத் திறந்தும் பத்தவில்லையா என்று பார்க்க ஒரு பிரஷர் கேஜை பானெட்டுக்கு வெளியே, வைப்பருக்கு அடியில் டேப் ஒட்டி வைத்துப் பார்ப்போம். பெட்ரோல் ஓடும் கேஜை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. அழுத்தம் நிலையாக நின்றும் லீன் ஆனால் குறை இன்ஜெக்டரிலோ ட்யூனிங்கிலோ. அழுத்தம் விழுந்தால் பம்ப், ஃபில்டர், வயர். இதையெல்லாம் கேடிசி நகரிலிருந்து நாங்குநேரி டோல் வரை நால்வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துச் சரி செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊர் விலக்குகளில் ஆடும் மாடும் குறுக்கே வரும் சாலை அது. கோயம்புத்தூர் பக்கம் டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே சக்கரத்தை ஓட்டி அளக்கும் மேடை) ஏற்றி ஒரு நாள் உட்கார்ந்து செய்வதே சரி. செலவுதான், ஆனால் ஒரு எஞ்சின் விலையைவிடக் குறைவு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்திருப்பீர்கள். அடுத்த முறை ஆர்டிஓ ஆபீசில் பானெட்டைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்வது என்று இப்போதே யோசியுங்கள். விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் இதைக் காரணம் காட்டிக் கைவிரிக்கலாம். சாலையில் ஓட்டத்தானா, டிராக்கில் மட்டுமா என்பதை நீங்கள் எழுதவில்லை.

முதலில் இருக்கிற பம்பையும் இன்ஜெக்டரையும் ஏதாவது ஒரு பெஞ்சில் வைத்து அளந்துவிடுங்கள், யாரிடம் என்றாலும் சரி. 30 நொடியில் பம்ப் தள்ளிய அளவு, நான்கு இன்ஜெக்டரின் பாய்ச்சல், பம்ப் பிளக்கில் உள்ள வோல்ட், அத்தோடு இரண்டு புல்லிகளின் விட்டம், இவற்றை இங்கேயே எழுதுங்கள். பூஸ்ட் எவ்வளவு வரும் என்றும், இன்ஜெக்டர் எந்த அளவு என்றும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த 255 பம்புக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.